உறக்கத்தைக் கலைக்கும் வலி

நடுநிசியில் அயர்ந்து உறங்கும் ஒருவர் திடுக்கிட்டு விழிக்கின்றார். மலக்குடலினுள்ளே எதுவோ பற்றித் திருகுவது போன்ற கடும் வலி. உடல் வியர்க்கின்றது. எழுந்து நடக்கின்றார். சில நிமிஷங்களில் வலி சுவடின்றி மறைகின்றது. ஆயினும் ‘இது புற்றுநோயோ?’ என்னும் அச்சம் மறைவதில்லை. வெளியே சொல்லக் கூசி, மூலவியாதி என்று தாமே முடிவு செய்து, கண்ட மருந்தையெல்லாம் வாங்கிப் பூசிப் புண்ணாக்கிக் கொள்வோரும் உண்டு.

டென்மார்க் நாட்டு மருத்துவர் தைசன் 1935ஆம் ஆண்டில் இதற்குப் ‘புரோக்டால்ஜியா ஃப்யூகாக்ஸ்’ எனப் பெயரிட்டார். மலக்குடலில் தோன்றி விரைந்தோடும் வலி என்பது பொருள். கெண்டைச்சதை திடீரென இழுத்துக்கொள்வதைப் போன்று, ஆசனவாயின் சுருக்குத்தசையோ இடுப்பின் அடித்தளத் தசைகளோ இசிவு கொள்வதே காரணம் எனப் பெரும்பாலும் கருதப்படுகின்றது. மருத்துவர் வருவதற்குள் வலி போய்விடுமாதலால், ஆராய்ச்சிக்கு இது எளிதில் அகப்படுவதில்லை. வலி சில விநாடி முதல் அரைமணி வரை நீடிக்கலாம். இடைக்காலத்தில் வலியே இராது. பலருக்கு ஆண்டில் ஐந்து முறைகூட வருவதில்லை. மனக்கவலை மிகுந்த காலத்தில் சிலருக்கு அடிக்கடி வரும்.

மாத்திரை விழுங்குவதால் பயன் சொற்பமே. அது இரத்தத்தில் கலப்பதற்குள் வலி தானே நீங்கிவிடும். பொறுக்கத்தக்க வெந்நீரை அகன்ற பாத்திரத்தில் நிரப்பி அதில் அமர்தல், மெல்ல உலாவுதல், முக்காமல் நிதானமாக மூச்சு விடுதல் ஆகியவை பலருக்கு இதம் தரும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் மருந்து, நெடுநேரம் வலிப்போருக்கு அந்நேரத்தைக் குறைத்ததாக 1996இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மருத்துவர் சொல்லாமல் அதைக் கையாளலாகாது.

தீங்கற்றது என்று களப்பணியாளர் தாமே தீர்ப்பளித்தல் தகாது. பிற நோய் இல்லையென மருத்துவர் ஒருமுறையேனும் பரிசோதித்துச் சொன்ன பின்னரே அவ்வாறு கூறலாம். அச்சொல்லே பாதி சிகிச்சையாகும். மலத்தில் இரத்தம், எடைக்குறைவு, காய்ச்சல், வீக்கம், மலப்போக்கில் புதிய மாறுதல், விட்டு நீங்காத வலி ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மலங்கழிக்கும்போது மட்டும் எரிந்து வலிப்பின் பெரும்பாலும் அது ஆசனவெடிப்பாகும்.

ஆசிரியர் ஒன்று கருதவேண்டும். பருவமடையாத சிறாரிடம் இவ்வலி அரிது. ஆகவே மாணவன் ஒருவன் அவ்விடத்தில் வலி என்று தயங்கிச் சொன்னால், தானே சரியாகும் என்று விட்டுவிடாமல், பிறர் அறியாதவாறு விசாரித்து, மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.