சென்சாரைக் காக்கவேண்டிய ரப்பரே அதைக் கெடுத்தால்? குறைந்த சூட்டில் ஒரு தீர்வு!

கேஸ் லைட்டரை ‘க்ளிக்’ பண்ணினால் தீப்பொறி எப்படி வருகிறது? உள்ளே இருக்கும் பீசோ எலெக்ட்ரிக் செராமிக் மேல் அடி விழுந்ததும் மின்சாரம் உண்டாகிறது. கடலுக்கடியில் சத்தம் கேட்கும் ஹைட்ரோபோன் சென்சாரும் இதே டெக்னிக்தான். ஒலி அலை அழுத்த, மின் சிக்னல் கிடைக்கும்.

ஆனால், உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தால் சென்சார் அவுட்! ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் வேறு கூடும். அதனால்தான் ரப்பர் உறை.

ஏன் ரப்பர்?

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். சரியாகத் தயாரித்த ரப்பரிலும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அதனால் சத்தம் எதிரொலித்துத் திரும்பாமல் உள்ளே வந்துவிடும்.

சிக்கல் எங்கே?

கச்சா ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், மூலக்கூறுகளுக்கு இடையே பாலங்கள் உருவாகி உறுதியாகும். இதுதான் வல்கனைசேஷன். 1844-ல் சார்லஸ் குட்இயர் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். இன்றும் வழக்கமாக 140 - 160 டிகிரி செல்சியஸ் சூடு தேவை.

சென்சார் மேலேயே ரப்பரை வார்க்கும்போது, அந்தச் சூடு சென்சாருக்கும் போகும். செராமிக் ஓரளவு தாங்கும். உள்ளே இருக்கும் பசை, கேபிள், எலெக்ட்ரானிக்ஸ்? சந்தேகம்தான். சில ஹைட்ரோபோன்களில் இருக்கும் பிவிடிஎஃப் ஃபிலிம், சுமார் 80 டிகிரியைத் தாண்டினாலே திறனை இழக்கத் தொடங்கும்.

சூட்டைக் குறைத்தால் போதாதா?

பொதுவாக, 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும். 150 டிகிரியில் 10 நிமிடத்தில் முடியும் வேலை, 100 டிகிரியில் 5 மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். எனவே சாந்தேட், டைதயோகார்பமேட் போன்ற அதிவேக ஆக்சிலரேட்டர்களைச் சேர்க்கிறார்கள்.

இதிலும் ஒரு வில்லங்கம். அச்சுக்குள் போவதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடலாம். அதற்கும் வழி உண்டு: ஒரு பாதியில் கந்தகம், மறுபாதியில் ஆக்சிலரேட்டர்; வார்ப்பதற்குச் சற்று முன் இரண்டையும் கலப்பார்கள். இரண்டு டியூப் எபாக்ஸி பசை மாதிரி!

எதற்குக் கலவை?

இயற்கை ரப்பர் வலிமையானது. பியூட்டைல் வகை ரப்பரில் நீர் ஊடுருவுவது ரொம்பக் குறைவு. இரண்டின் நன்மையும் வேண்டுமென்றால் கலக்கணும். ஆனால், இயற்கை ரப்பர் சீக்கிரம் இறுகும்; பியூட்டைல் மெதுவாகத்தான். பொங்கலில் அரிசி குழைந்தும் பருப்பு வேகாமல் நிற்பது போல! இதற்காகவே, வேகமாக இறுகும் குளோரோபியூட்டைல் கைகொடுக்கிறது.

ஏன் இது முக்கியம்?

அரைகுறையாக இறுகிய ரப்பர் பார்க்க நன்றாகவே இருக்கும். கடலில் இறங்கிய பிறகுதான் மெல்ல மெல்ல நீரை உறிஞ்சும். இந்தியக் கடற்படைக்கு சோனார் உருவாக்குவது, கொச்சியில் உள்ள டிஆர்டிஓ-வின் என்பிஓஎல் ஆய்வகம். கப்பலின் அடிப்பகுதியில் பொருத்திய சென்சாரை நினைத்த நேரத்தில் கழற்றி ரிப்பேர் பண்ண முடியாது. அதனால், சூடு குறையலாம். இறுக்கம் மட்டும் குறையவே கூடாது!