ஒரு துளி ரத்தத்தைப் படிக்கும் பயிற்சி

ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் வரும் நோய்களைக் கண்டறியும் பயிற்சி, எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் பேத்தாலஜி எனப்படும் நோய்க்குறியியல் பாடத்தில் தொடங்குகிறது. 2008இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இதே பாடத்திட்டம்தான். 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்வழிப் பாடத்திட்டப்படி, மாணவர் தம் கையாலேயே ரத்தப் பூச்சு தயாரித்து, சாயமேற்றி, அதைப் படித்துச் சொல்ல வேண்டும். மஜ்ஜையைப் பொறுத்தவரை அதை எப்போது எடுக்க வேண்டும், அதில் என்ன தெரியும் என்று விளக்கத் தெரிந்தால் போதும். ஊசி போட்டு எடுப்பதெல்லாம் மேற்படிப்பு மாணவரின் வேலை.

ரத்தப் பூச்சு பார்க்க எளிது, செய்வது கடினம். கண்ணாடி ஸ்லைடின் ஒரு முனையில் சிறு துளி ரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்வாகப் பிடித்து, ஒரே சீராக முன்னே தள்ள வேண்டும். கை தயங்கினால் பூச்சில் வரி விழும். துளி பெரிதானால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். காய்ந்தபின் லீஷ்மன் சாயத்தை ஊற்றி, ஓரிரு நிமிடம் கழித்து இரண்டு பங்கு தாங்கல் நீர் சேர்த்து, மேலும் பத்து நிமிடம் போல விட்டுக் கழுவுவார்கள். அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஒரே அடுக்காகப் பரந்திருக்கும் வால் பக்கத்தைத் தேடிப் பிடிப்பதே முதல் பாடம். தடித்த பகுதியைப் பார்த்துச் சொல்லும் முடிவு எதுவும் செல்லாது.

சிவப்பணுவின் அளவைச் லிம்போசைட் என்ற சிறிய வெள்ளையணுவின் உட்கருவோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். நலமான சிவப்பணு ஏறக்குறைய அந்த அளவே இருக்கும். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெளிறியிருக்கும். அதைவிடச் சிறிதாகி, வெளிறல் கூடினால் இரும்புச்சத்துக் குறைவை முதலில் நினைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. சத்துக் குறைந்த உணவு, அதிக மாதவிடாய்ப் போக்கு, வெறுங்காலோடு வயலில் நிற்பவர்களைப் பிடிக்கும் கொக்கிப்புழு எனக் காரணங்கள் பல.

ஆனால் ஹீமோகுளோபின் உருவாவதைப் பாதிக்கும் மரபுநோயான தாலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவரின் ரத்தமும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். பயிற்சியின் உண்மையான சோதனை இங்கேதான். இரும்புக் குறைவில் பென்சில் போல நீண்ட அணுக்கள் தென்படும். அணுக்களின் அளவும் ஒன்றுக்கொன்று மாறுபடும். தாலசீமியா சுமப்பவருக்குச் சிவப்பணு எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருப்பதுண்டு. அணுவின் சராசரிப் பருமனை எண்ணிக்கையால் வகுக்கும் மென்ட்சர் கணக்கில் விடை 13க்குக் கீழே வந்தால் ஐயம் வலுக்கும். முடிவு சொல்வது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனை. ஆனால் அந்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் யாருக்காவது தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் மரபணுவைச் சுமக்கும் பெண் மாதக்கணக்கில் பயனின்றி இரும்பு மாத்திரை விழுங்குவார். கணவரும் மரபணுவைச் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.

பழங்குடியினர் வாழும் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்கள் உள்ள தருமபுரி மாவட்டத்தில், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் அரிவாள் செல் நோயையும் ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் இந்நோய் முதலில் அறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952இல். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தில் தமிழ்நாடும் இடம்பெற்றுள்ளது. உலகில் முதன்முதலாக அந்த வளைந்த அணுக்களைக் கவனித்தவரே ஒரு பயிற்சி மருத்துவர்தான்: 1904இல் சிகாகோ மருத்துவமனையில் பணியாற்றிய எர்னஸ்ட் அயர்ன்ஸ். அவருடைய மேலதிகாரியான ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதை வெளியிட்டார்.

இன்று எண்ணும் வேலையை இயந்திரம் செய்கிறது. அதை நம்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. டெங்கு பரவும் காலத்தில் பிளேட்லெட் 40,000 என்று ஓர் அறிக்கை வந்தால் குடும்பமே கலங்கிப்போகும். சிலருடைய ரத்தத்தில், குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற உறைவுத்தடுப்புப் பொருள் பிளேட்லெட்டுகளைக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். இயந்திரம் கொத்துகளை எண்ணாமல் விட்டுவிடும். ஸ்லைடைப் பார்க்கும் மாணவருக்கு அந்தக் கொத்துகள் தெரிந்தால், சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தாலே போதும்.

பூச்சில் முதிராத பிளாஸ்ட் அணுக்கள் தெரிந்தாலோ, மூவகை அணுக்களும் காரணமின்றிக் குறைந்தாலோ மஜ்ஜையைப் பார்த்தாக வேண்டும். இடுப்பெலும்பின் பின்முகட்டில் மரத்துப்போகும் மருந்து போட்டு, ஊசியைச் செலுத்தி, அரை மில்லிக்கும் குறைவாகவே உறிஞ்சுவார்கள். கூடினால் ரத்தம் கலந்து மாதிரி நீர்த்துவிடும். உறிஞ்சும் அந்தக் கணத்தின் வலியை மருந்து முழுதாகத் தடுக்காது. அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் பயிற்சியில் அடங்கும். வெளிவந்த திரவத்தில் ரவை போன்ற துகள்கள் இருந்தால்தான் மாதிரி சரி. எதுவுமே வராமல் போனால் மஜ்ஜையில் நார்த்திசு கூடியிருக்கலாம். அப்போது எலும்பின் சிறு துண்டையே ஜம்ஷிடி ஊசியால் எடுக்க வேண்டும். எண்ணிய அணுக்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பிளாஸ்ட் இருந்தால் பொதுவாக அது கடும் ரத்தப்புற்று.

எந்த வகைப் புற்று என்பதைப் பிரித்தறிய ஃப்ளோ சைட்டோமெட்ரி, மரபணுச் சோதனைகள் தேவைப்படும். 1986இலேயே மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மையங்களில் அவை செய்யப்படுகின்றன. அங்கே அனுப்பும் கடிதத்தில் பூச்சில் கண்டதைத் தெளிவாக எழுதவும், ஏற்கெனவே ரத்தம் ஏற்றியிருந்தால் அந்தத் தேதியைத் தவறாமல் குறிப்பிடவும் மாணவர் பழக வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் அணுக்கள் கலந்திருந்தால், தாலசீமியாவுக்காகச் செய்யும் ஹெச்.பி.எல்.சி. முடிவே மாறிப்போகும்.