உப்பளம் ஓயும் மாதங்களில் காளான் குடில்

மரக்காணம் உப்பளங்களுக்கு ஆண்டு என்பது ஒன்பது மாதம்தான். தை, மாசியில் பாத்திகளைச் செப்பனிட்டு உவர்நீர் பாய்ச்சித் தொடங்கும் வேலை, வெயில் ஏற ஏறச் சூடுபிடித்து, வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையோடு முடிந்துபோகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்தி முழுக்க மழைத்தண்ணீர் நிற்கும். குவித்து வைத்த உப்பை மூடிவிட்டு, ஆணும் பெண்ணுமாக வேறு கூலி தேடிப் போவார்கள். வேலை இல்லாத இந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,700 ரூபாய்கூட வராது.

உப்புக்கு ஆகாத அந்த ஈரம்தான் சிப்பிக் காளானுக்கு வேண்டியது. காற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், 30 டிகிரியைத் தாண்டாத வெப்பம், பளிச்சென்ற வெயில் படாத இடம். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கிராமங்களில் இவை மூன்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. நிலம் வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய வசதி. உவர் ஏறி எதுவும் விளையாத கொல்லையானாலும் கவலை இல்லை. சிப்பிக் காளான் மண்ணைத் தொடுவதே கிடையாது. வைக்கோல் அடைத்த பாலித்தீன் பையில் வளர்ந்து, உறியில் தொங்கியபடியே பூக்கும்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். வீட்டுக் குடிலில் முளைக்க இடி வேண்டாம். நல்ல வித்து வேண்டும். சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, அதில் பூஞ்சண இழைகளைப் பரவவிட்டுத் தயாரிப்பதே காளான் வித்து. பொட்டலத்துக்குள் சோளமணிகள் முழுவதும் வெள்ளை வெளேரென்று இழை படர்ந்திருக்க வேண்டும். எங்காவது பச்சையோ கறுப்போ தெரிந்தால், அல்லது புளித்த வாடை அடித்தால், அதை வாங்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்குக் காளான் வளர்ப்பு புதிதல்ல. 1943-லேயே கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார்கள். சிப்பிக் காளானை முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியில் உணவுத் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக மரக்கட்டைகளில் வளர்த்தார்கள். அதை நெல் வைக்கோலில் வளர்க்கும் முறையை 1962-ல் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜக்கியா பானுவும் ஸ்ரீவஸ்தவாவும் வகுத்தார்கள். அதன்பின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ-1, எம்.டி.யு-1, ஏ.பி.கே-1 என்று ஊர்ப்பெயர் சுமந்த ரகங்களை வரிசையாக வெளியிட்டது.

ஓட்டல்களில் அதிகம் புழங்கும் வெள்ளை மொட்டுக் காளான் இந்தக் கரைக்கு ஒத்துவராது. அது பூக்க 14 முதல் 18 டிகிரி வரையான குளிர் வேண்டும். பதப்படுத்திய கம்போஸ்ட் உரம் வேண்டும். ஊட்டிக்கும் இமாச்சலத்தின் சோலனுக்கும் அது பொருந்தும். மரக்காணத்தில் வளர்க்க நினைத்தால் குளிரூட்டிய அறை கட்டி, மின்கட்டணத்துக்கே காளானை விற்க வேண்டியிருக்கும்.

வெயிலுக்கும் ஒரு காளான்

கோடைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை அருப்புக்கோட்டையிலிருந்து வந்தது. தடித்த தண்டும் பால்வெள்ளை நிறமும் கொண்ட பால் காளானை 1970-களில் மேற்கு வங்கத்தில் புர்காயஸ்தாவும் சந்திராவும் இனங்கண்டு வளர்த்துப் பார்த்தார்கள். ஆனால் அது வணிகப் பயிராகவில்லை. அருப்புக்கோட்டையின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உருவாக்கிய ஏ.பி.கே-2 ரகம் 1998-ல் வெளிவந்த பிறகுதான் அது வியாபாரத்துக்கு வந்தது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் செழித்து வளரும் என்பதால், உப்பு விளையும் மாதங்களில் இதுவும் விளையும்.

பங்குனி முதல் புரட்டாசி வரை பால் காளான், ஐப்பசி முதல் மாசி வரை சிப்பிக் காளான் என்று இந்தக் கரைக்கான நாட்காட்டியை வகுத்துக்கொள்ளலாம். உப்பளத்துக்குப் போகிறவர்கள் மழை மாதங்களில் மட்டும் குடில் நடத்தலாம். வீட்டிலிருப்பவர்கள் ஆண்டு முழுக்க நடத்தலாம்.

படுக்கை போடும் விதம்

பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 16 சதுர மீட்டர் கீற்றுக் குடில். அதை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியை வித்து பரவும் அறையாகவும் மறுபாதியைக் காளான் பூக்கும் அறையாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். மழையில் நனையாத, பொன்னிறம் மாறாத புது வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, அண்டாவில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, வடித்து உலர்த்த வேண்டும். பதம் பார்ப்பது எளிது. ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால், காளானுக்கு முன்பாகக் கறுப்புக் குடைக் காளான் எனும் களை முளைத்துவிடும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள பாலித்தீன் பையில் நடுவே இரு துளைகள் போட்டு, ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாக ஒரு கை வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பிக் கட்டினால் அதுதான் படுக்கை. 15 முதல் 20 நாட்களில் பை முழுக்க வெண்ணிறம் படரும். பையைக் கிழித்துவிட்டு, தினம் இரண்டு மூன்று முறை பூவாளியால் மெல்ல நீர் தெளித்தால் மொட்டு கிளம்பும். அதன்பின் மூன்று நான்கு நாளில் முதல் பறிப்பு. ஒரு படுக்கை மூன்று முறை காய்த்து ஓய ஏறத்தாழ 45 நாள் ஆகும். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை காளான் கிடைத்தால் நல்ல விளைச்சல்.

பால் காளானுக்கும் தொடக்கம் இதேதான். வித்து பரவிய பின் படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆவியில் வேகவைத்த மண்ணைப் பரப்ப வேண்டும். இதற்குக் கேசிங் என்று பெயர். மண் போட்ட பத்து நாளில் மொட்டு, இன்னொரு வாரத்தில் பறிப்பு. குடிலின் தரையைச் சற்றுப் பள்ளமாகத் தோண்டி, மேலே நீலநிற சில்பாலின் விரிப்பால் கூரை போட்டால் இதற்குத் தேவையான வெதுவெதுப்பு உள்ளே தங்கும்.

தண்ணீரும் புயலும்

உள்நாட்டு மாவட்டங்களுக்கு எழுதிய கையேட்டை மரக்காணத்துக்காரர் அப்படியே பின்பற்ற முடியாது. முதல் சிக்கல் தண்ணீர். கழுவேலி ஏரியை ஒட்டிய பகுதிகளில் கடல்நீர் உட்புகுந்து நிலத்தடி நீர் உவர்ந்திருக்கிறது. உவர்நீரில் வைக்கோலை ஊறவைத்தால் வித்து பரவுவது மந்தமாகும். மொட்டின் மேல் தெளித்தால் அது மஞ்சளாகிக் கருகும். குடிக்க ஏற்ற தண்ணீர்தான் காளானுக்கும் ஏற்றது. மழைக்காலத்தில் கூரைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கேசிங் மண்ணையும் கொல்லையிலிருந்து அள்ளக் கூடாது. திண்டிவனம், வானூர் பக்கத்து நெல்வயல் கிராமங்களிலிருந்து வைக்கோல் ஏற்றிவரும் வண்டியிலேயே உவர் ஏறாத தோட்ட மண்ணையும் கொண்டுவருவது நல்லது.

இரண்டாவது சிக்கல் புயல். சிப்பிக் காளானுக்கு ஏற்ற மாதங்கள் எவையோ, அவையே வங்கக்கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் மாதங்களும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அப்படியொரு இரவில் கொல்லையில் தனியாக நிற்கும் கீற்றுக் குடில் தாங்காது. ஆகவே இந்தக் கரையில் முதல் ஆண்டு தனிக் குடில் கட்டாமல், வீட்டை ஒட்டிய சாய்ப்பையோ பயன்படாத அறையையோ எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அறைக்குக் காற்றோட்டமும் சன்னலுக்கு ஈ புகாத வலையும் இருந்தால் போதும்.

வீட்டுக்குள் வளர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. முற்றிய சிப்பிக் காளான் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூளைக் கொட்டும். நாள்தோறும் அதைச் சுவாசித்தால் இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வரலாம். விளிம்பு சுருளும் முன் பறித்துவிட வேண்டும். குடிலுக்குள் முகக்கவசம் அவசியம். படுக்கையறையில் வைக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தத் தொழிலைத் தவிர்ப்பது நல்லது.

விற்றால்தான் வரவு

தினம் நான்கு படுக்கை போடும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். படுக்கைக்கு ஒரு கிலோ உலர் வைக்கோல், கிலோவுக்கு 800 கிராம் விளைச்சல் என்றால் நாளுக்கு 3.2 கிலோ; அதாவது 200 கிராம் பொட்டலம் பதினாறு. 45 நாளில் குடிலுக்குள் 180 படுக்கை தொங்கும். ஓர் உறிக்கு நான்கு வீதம் 45 உறி. வளர்ப்பதற்கு இது பெரிய வேலையல்ல. பதினாறு பொட்டலத்தையும் தினம் தவறாமல் விற்பதுதான் வேலை. சிப்பிக் காளான் வெளியில் ஒரு நாள்தான் தாங்கும். பால் காளான் மூன்று நாளுக்கு மேல் தாங்குவதால் வியாபாரிகள் அதை விரும்புகிறார்கள்.

இந்த விஷயத்தில் மரக்காணத்துக்கு இருப்பிடம் கைகொடுக்கிறது. தெற்கே புதுச்சேரி, மேற்கே திண்டிவனம், இரண்டும் ஏறத்தாழ 35 கிலோமீட்டரில். வழியில் ஆரோவில், சாலை நெடுக உணவகங்களும் தங்கும் விடுதிகளும். இவற்றில் மூன்று கடைகளிலாவது பேசி முடித்துவிட்டு, பிறகு படுக்கையின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதே முறை. விற்காமல் தங்கியதை உலர்த்தலாம். பத்துக் கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். மழை மாதத்தில் வெயில் கிடைக்காது என்பதால் ஊறுகாயோ, உப்புநீரில் பதப்படுத்துவதோ கைகொடுக்கும். இப்படிப் பதப்படுத்தி விற்கும் சிறு அலகுகளுக்கு மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதும் கட்டாயம்.

வீட்டு மூலையில் தொடங்கி வளர்ந்தவர்களுக்கு நாடறிந்த எடுத்துக்காட்டு பிகாரின் முங்கேர் மாவட்டத்து பீனா தேவி. வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பெற்று, ஒரு கிலோ வித்தைக் கொண்டு கட்டிலுக்கு அடியில் காளான் வளர்த்தார். பிறகு சுற்றுவட்டாரப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2020 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது பெற்றார். கட்டிலடி என்பது அவருடைய வறுமை தந்த இடம். வித்துத் தூளின் காரணமாக மற்றவர்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. முதலில் பயிற்சி, சிறு அளவில் தொடக்கம் என்ற வரிசையைப் பின்பற்றலாம்.

பயிற்சிக்கும் முன்பே பணம் கேட்பவர்களிடம் கவனம் தேவை. வித்தையும் படுக்கையையும் கூடுதல் விலைக்குக் கொடுத்து, விளைந்ததை எல்லாம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போடும் ஆட்கள் உண்டு. ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டு ஏமாந்து கொங்கு நாட்டுக் குடும்பங்கள் 2012-ல் பட்ட பாடு இதே வாக்குறுதியில் தொடங்கியதுதான்.

மரக்காணத்தாருக்கு அருகிலுள்ள பயிற்சி இடங்கள் இரண்டு: திண்டிவனத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம், புதுச்சேரி குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம். மாசியில் சம்பா அறுவடை முடியும்போதே வைக்கோலை வாங்கி நனையாமல் போராக அடுக்கிவைக்க வேண்டும். ஆவணியில் பயிற்சி, புரட்டாசியில் அறையைச் சுத்தம் செய்து வலை அடிப்பது, ஐப்பசி முதல் வாரம் பத்தே பத்துப் படுக்கை. வித்து தயாராக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கேட்ட அன்றே கைக்கு வராது. ஆகவே அதற்கு மட்டும் புரட்டாசியிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும்.