வன்னி நிலத்தில் ஐந்து கூலோம்

மேகம் இல்லாத ஒரு பகலில் வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களின் தரைமீதும் இருக்கும் மின்னேற்றத்தை எல்லாம் கூட்டினால் 5 கூலோமைச் சற்றே தாண்டும். கைபேசி சார்ஜர் ஒன்றின் வயரில் 1 அம்பியர் ஓடினால், அதே அளவு ஏற்றம் ஐந்து செக்கனில் கடந்து போய்விடும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்கள், அவற்றின் கீழ் விளையும் வயல்கள், காடு, கடற்கரை என்று 5,863 சதுர கிலோமீற்றர் நிலத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் போட எவரும் கருவியைத் தூக்கிக்கொண்டு மாங்குளத்திலிருந்து கொக்கிளாய் வரை அலைய வேண்டியதில்லை. ஒரு அளவீடும் ஒரு கருத்தும் போதும். அளவீடு, தரைக்கு மேலே காற்றில் இருக்கும் மின்புலம். கருத்து, க.பொ.த. உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் கவுசின் தேற்றத்துக்கு முந்திய பக்கத்தில் சந்திக்கும் மின்பாயம்.

அந்தப் பக்கத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புலச்செறிவு, பரப்பளவு, கோணத்தின் கோசைன் மூன்றையும் பெருக்கினால் பாயம் என்று சூத்திரம் சொல்லும். பெருக்கத் தெரியாத பிள்ளை வகுப்பில் இல்லை. ஆனால் பெருக்கி வந்த எண் எதைச் சொல்கிறது என்பது தெளியாமலே அடுத்த பாடம் தொடங்கிவிடுகிறது. பிறகு கவுசின் தேற்றம் மனப்பாடமாகிறது. கோளம், நீண்ட கம்பி, அகன்ற தகடு என்று மூன்று வினாக்களுக்கு மட்டும் பயன்படும் சடங்காகிறது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. மின்னியலில் இதைவிட அழகான கருத்துகள் மிகச் சில.

துருசு திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஒரு கம்பிச் சட்டத்தை நீருக்குள் பிடியுங்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே நேராகப் பிடித்தால் சட்டத்தினூடாக மிக அதிக நீர் போகும். 60 பாகை சாய்த்தால் பாதி. ஓட்டத்தின் போக்கிலேயே திருப்பிப் பிடித்தால் ஒரு துளியும் சட்டத்தை ஊடறுக்காது. சூத்திரத்தில் கோசைன் வருவதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை. இனிச் சட்டத்துக்குப் பதிலாக, எல்லாப் பக்கமும் மூடிய கம்பிவலைக் கூடு ஒன்றை நீருக்குள் இறக்குங்கள். ஒரு பக்கத்தால் புகுந்த நீர் மறுபக்கத்தால் வெளியேறும். கூட்டிக் கழித்தால் பூச்சியம். வெளியேறுவது கூடுதலாக இருந்தால் கூட்டுக்குள் ஓர் ஊற்று இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்காமலே, கூட்டின் மேற்பரப்பை மட்டும் கவனித்து அதைச் சொல்லிவிடலாம்.

மின்புலத்தில் ஊற்றின் இடத்தில் நேர் ஏற்றமும், நீரை உறிஞ்சும் குழியின் இடத்தில் மறை ஏற்றமும் இருக்கின்றன. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வாய்க்காலில் நீர் உண்மையாகவே நகர்கிறது. மின்பாயத்தில் எதுவும் நகர்வதில்லை. புலம் அந்த இடத்தில் இருக்கிறது, அவ்வளவே. பாயம் என்பது ஒரு பரப்பைப் புலம் எவ்வளவு ஊடறுக்கிறது என்ற கணக்கு. மின்னோட்டத்தையும் மின்பாயத்தையும் ஒன்றாக்கிக் குழம்பும் மாணவர் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்துவிடுவார்.

மீதிப் பாதியை ஜேர்மனியக் கணிதமேதை கார்ல் பிரீட்ரிச் கவுஸ் எழுதிவைத்தார். மூடிய பரப்பு ஒன்றினூடாக வெளியேறும் மொத்தப் பாயத்தை எப்சிலன் பூச்சியம் என்ற மாறிலியால் பெருக்கினால் உள்ளே அடைபட்டிருக்கும் மொத்த ஏற்றம் கிடைக்கும். பரப்பின் வடிவம் எதுவாகவும் இருக்கலாம். வெளியே எவ்வளவு ஏற்றம் நின்றாலும் அதன் பாயம் ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போய்விடும், கணக்கில் சேராது. 1835இல் அவர் எழுதிய இந்த முடிவு, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 1867இல்தான் அச்சேறியது.

இனி வன்னிக்கு வருவோம். வானம் தெளிந்திருக்கும் நாளில் தரைக்கு அருகே காற்றில் மீற்றருக்கு ஏறத்தாழ 100 வோல்ற்று மின்புலம் இருக்கிறது, கீழ்நோக்கி. இது உலகமெங்கும் காணப்படும் சராசரி அளவு. இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கூடிக் குறையும். நாம் அதை உணர்வதில்லை. காரணம், நம் உடலும் தரையைப் போலவே ஒரு கடத்தி; புலம் நம்மைச் சுற்றி வளைந்து தலையிலும் தோளிலும் வந்து முடிகிறது.

மூன்று மாவட்டங்களையும் மூடும் ஒரு பெட்டியைக் கற்பனை செய்யுங்கள். அடித்தளம் மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கட்டும், மூடி தரைக்குச் சில மீற்றர் உயரத்தில் இருக்கட்டும். ஈர மண் கடத்தி என்பதால் அதற்குள் புலம் இல்லை, ஆகவே அடித்தளத்தில் பாயம் பூச்சியம். பக்கச் சுவர்கள் செங்குத்தானவை. புலமும் செங்குத்தாகவே இறங்குவதால் அது சுவர்களை ஊடறுப்பதில்லை. அங்கும் பூச்சியம். எஞ்சுவது மூடி மட்டும். 5,863 சதுர கிலோமீற்றரைச் சதுர மீற்றராக்கி, 100ஆல் பெருக்கி, அதை எப்சிலன் பூச்சியத்தால் பெருக்கினால் 5.2 கூலோம் வரும். புலம் பெட்டிக்குள் நுழைகிறது, வெளியேறவில்லை. ஆகவே ஏற்றம் மறை. கிளிநொச்சி மாவட்டத்தின் 1,279 சதுர கிலோமீற்றருக்கு மட்டும் போட்டால் 1 கூலோமுக்குச் சற்று மேல். ஓர் ஏக்கர் வயலுக்கு ஒரு கூலோமின் பத்து இலட்சத்தில் மூன்றரைப் பங்கு.

பெட்டியின் மூடியை இன்னும் உயர்த்திப் பாருங்கள். 10 கிலோமீற்றர் உயரத்தில் புலம் மீற்றருக்குச் சில வோல்ற்றாக மெலிந்துவிடுகிறது. மூடியினூடான பாயம் குறைந்துவிட்டது. அப்படியானால் உள்ளே இருக்கும் மொத்த மறை ஏற்றமும் குறைந்திருக்க வேண்டும். தரையிலிருந்து எதுவும் போகவில்லையே? இடையில் உள்ள காற்றில் நேர் ஏற்றம் பரவி நிற்கிறது. தரையின் மறை ஏற்றத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் ஈடுசெய்யும் அளவுக்கு அது இருக்கிறது. காற்றைப் பிடித்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகாமல், மூடியை ஏற்றி இறக்கியே இதைக் கண்டுகொள்கிறோம். கவுசின் தேற்றம் பரீட்சைக்கானது மட்டும் என்று நினைக்கும் மாணவருக்கு நான் காட்ட விரும்புவது இந்த இடத்தைத்தான்.

மின்புலத்தை அளக்கும் கருவியும் பாயத்தை நம்பியே இயங்குகிறது. வானத்தைப் பார்த்தபடி ஓர் உலோகத் தகடு. அதற்கு மேலே தரையோடு இணைத்த ஒரு விசிறி சுழன்று தகட்டை மூடியும் திறந்தும் கொண்டிருக்கும். திறக்கும்போது பாயம் தகட்டில் வந்து முடிகிறது, மூடும்போது விசிறியில் முடிகிறது. அதற்கேற்பத் தகட்டில் ஏற்றம் வந்து போகும். அந்தச் சிறு ஓட்டத்தை அளந்து புலத்தைக் கணிக்கிறார்கள். 100 சதுர சென்ரிமீற்றர் தகட்டில், தெளிந்த வானில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி இலத்திரன்கள் வந்து போகின்றன. கேட்கப் பெரிதாக இருந்தாலும் இது மிகச் சிறிய ஏற்றம். ஆயினும் நல்ல மின்சுற்று அதை அளந்துவிடும்.

பூமி முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால் நாலரை இலட்சம் கூலோம் மறை ஏற்றம். காற்று முற்றான காவலி அல்ல. உலகம் முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 அம்பியர் ஓட்டம் வானிலிருந்து தரைக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அதே வேகத்தில் போனால் பூமியின் ஏற்றம் எட்டு நிமிடம்கூடத் தாங்காது. ஆனாலும் அது தீர்வதில்லை. இடிமேகங்களே அதை மீண்டும் மீண்டும் நிரப்புகின்றன என்று 1920களில் சொன்னவர் ஸ்கொட்லாந்துப் பௌதிகவியலாளர் சி. ரி. ஆர். வில்சன். முகிலறையைக் கண்டுபிடித்ததற்காக 1927இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

வன்னிக்கு இடிமேகம் புதிதல்ல. காலபோகத்துக்கு உழுது விதைக்கும் ஐப்பசியில், இரண்டாம் இடைப்பருவப் பெயர்ச்சிக் காலத்தில், காலையில் சுள்ளென்று வெயில் அடித்து, பிற்பகலில் முகில் கறுத்து இடியோடு மழை பெய்வது இங்கே வழமை. அப்படி ஒரு முகில் தலைக்கு மேல் வரும்போது பாயத்தின் கணக்கு தலைகீழாகிறது. முகிலின் அடிப்பகுதியில் மறை ஏற்றம் குவிகிறது. அது தரையில் உள்ள மறை ஏற்றத்தைத் தள்ளிவிட்டு நேர் ஏற்றத்தைத் தூண்டுகிறது. புலம் மேல்நோக்கித் திரும்புகிறது. மீற்றருக்கு 10,000 வோல்ற்று அளவுக்கும் உயரும். அதே ஏக்கர் வயலில் இப்போது நூறு மடங்கு ஏற்றம், எதிர்க் குறியோடு.

அந்த வயல் வரம்பில் ஒரு பனை நிற்கிறது என்று வையுங்கள். சுற்றியுள்ள தரையில் பரவலாக முடிந்திருக்க வேண்டிய புலக்கோடுகள் பனையின் வட்டில் நெருக்கியடித்து முடிகின்றன. பெருமளவு பாயம் சிறு பரப்புக்குள் ஒடுங்கினால் புலச்செறிவு பெருகியே ஆகவேண்டும். உலர் காற்று மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ற்றில் உடைந்து கடத்தத் தொடங்கும். கூர் முனைகளில் அந்த எல்லை முதலில் எட்டப்படுகிறது. முகிலிலிருந்து இறங்கும் மின்னலை எதிர்கொள்ள அங்கிருந்தே ஒரு பொறி மேலெழுகிறது. வெட்டவெளி வயலில் மண்வெட்டியோடு நிமிர்ந்து நிற்கும் மனிதரின் நிலையும் அந்தப் பனையின் நிலையே.

ஒரு மின்னல் சராசரியாக ஏறத்தாழ 20 கூலோம் ஏற்றத்தைத் தரைக்குக் கொண்டுவருகிறது. மூன்று மாவட்ட நிலமும் தெளிந்த நாளில் தாங்கும் ஏற்றத்தைப் போல நான்கு மடங்கு, ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில், ஒரு புள்ளியில்.

1836இல் இலண்டனில் மைக்கேல் பரடே, கடத்தியால் மூடிய பெரிய கூடு ஒன்றை அமைத்து, அதற்கு வெளியிலிருந்து பலமாக ஏற்றம் ஊட்டச்செய்து, தானே உள்ளே போய் நின்று சோதித்தார். உள்ளே அவரது கருவிகள் எதையும் காட்டவில்லை. ஏற்றம் முழுவதும் வெளிப்பரப்பிலேயே தங்கியது. உள்ளே புலம் இல்லை, ஆகவே பாயமும் இல்லை. உலோகக் கூரையும் உலோக உடலும் கொண்ட பேருந்தோ காரோ, கண்ணாடிகளை மூடியிருந்தால், இடி நேரத்தில் நல்ல அடைக்கலம் ஆவது இதனால்தான். திறந்த உழவு இயந்திரமோ மோட்டார் சைக்கிளோ அப்படியல்ல. கிடுகு வேய்ந்த காவல் கொட்டிலும் அல்ல; அது மழையை மறிக்கும், மின்புலத்தை மறிக்காது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. புலத்தை அளக்கும் சுழல்தகட்டுக் கருவியை இறுதியாண்டு மாணவர்களே செய்துவிடலாம். வயல்வெளிகளை அண்டிய பாடசாலைகளில் அதை வைத்து, ஐப்பசி கார்த்திகையில் புலம் குறி மாறும் நேரத்தைப் பிள்ளைகள் தாங்களே பதிவு செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதுவரை ஆசிரியர்கள், சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், தங்கள் ஊரின் பரப்பளவைக் கொடுத்து அதன் ஏற்றத்தைக் கணிக்கச் சொல்லலாம்.

வளிமண்டலவியல் திணைக்களம் இடிமின்னல் எச்சரிக்கை விடுக்கும் நாள்களில் முகில் கறுக்கும்போதே வயலை விட்டு ஏறிவிடுங்கள். பனைக்கும் மரத்துக்கும் கீழே ஒதுங்காமல் கல்வீட்டுக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வரம்பில் கால் வைக்க வேண்டாம்.