படம் சான்றாவது எப்போது?



2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளும் இரண்டாம் நாளும் அடையாறு கரைபுரண்டு ஓடியதைச் சென்னை மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்தபின், அது நின்ற உயரத்தைச் சுவர்களில் ஒரு பழுப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது. அக்கோடுகளைப் பதிவு செய்து ஓர் அறிக்கை எழுதவேண்டும் என்று சில மாணவர்களுடன் நானும் புறப்பட்டேன். நில அளவை கற்றவன் என்ற துணிவு எனக்கு இருந்தது. ஆளுக்கொரு கைபேசி, இரண்டே நாட்களில் இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன.

மயிலாப்பூரில் என் வீட்டில் அமர்ந்து அவற்றை நிலப்படத்தோடு பொருத்த முற்பட்டபோதுதான் எங்கள் பேதைமை வெளிப்பட்டது. இது எந்தத் தெரு? தெரியாது. எத்திசை நோக்கி எடுத்த படம்? தெரியாது. கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரம்? மார்பளவு இருக்கும் என்றார் ஒருவர். இடுப்பளவுதான் என்றார் மற்றொருவர். நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று மீண்டும் சென்றோம். அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. பல சுவர்களுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கோடும் மறைந்தது, எங்கள் உழைப்பும் வீணாயிற்று.

குறை கைபேசியில் இல்லை. புறப்படுமுன் ஒரு படிவம் வகுத்துக்கொள்ளாத என்னிடமே இருந்தது. படிவம் என்பது அறிக்கைக்குச் செய்யும் அலங்காரம் அன்று. களத்தில் கேட்கவேண்டிய கேள்விகளை வீட்டிலேயே எழுதிவைத்துக்கொள்ளும் முறை அது.

இம்முறை நம் நகரத்துக்குப் புதியதன்று. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் தொடக்கம் அதுவே. 1802இல் லாம்டன் என்பவர் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். எஃகுச் சங்கிலி வெப்பத்தில் நீளும் அன்றோ? ஆகவே, நீளத்தோடு வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார்கள். அளவை மட்டும் எழுதாமல், அது எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுவதே சான்றின் இலக்கணம்.

இனி, படிவத்தை எவ்வாறு வகுப்பது என்று பார்ப்போம். ஒரு தாளில் மேற்பாதியை நிலப்படத்துக்கும், கீழ்ப்பாதியை இரண்டு புகைப்படங்களுக்கும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். அதே எண்ணை நிலப்படத்தில் வட்டமிட்டு எழுதி, எத்திசை நோக்கி நின்று எடுத்தீர்களோ அத்திசையில் ஓர் அம்புக்குறி இடுங்கள். இவ்வெண்ணும் அம்பும் இருந்தால், அன்று உங்களுடன் வராத ஒருவரும் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்க இயலும்.

படத்தின் கீழே மூன்று வரிகள் போதும். முதல் வரியில் இடம்; இரண்டாவதில் நாள், நேரம், எடுத்தவர்; மூன்றாவதில் காணவேண்டிய செய்தி. இவையெல்லாம் கைபேசியிலேயே பதிவாகின்றனவே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆயினும், படத்தை ஒருவர்க்கொருவர் செய்திச் செயலி வழியே அனுப்பும்போது அக்குறிப்புகள் பெரும்பாலும் உதிர்ந்துபோகின்றன. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கைபேசி காட்டும் இடமும் பல மீட்டர் பிசகலாம். ஆகவே, அருகிலுள்ள கோயில், பாலம், பள்ளி என ஏதேனும் ஓர் அடையாளத்தையும் எழுதிவிடுங்கள்.

படம் கட்டத்தை நிரப்பவேண்டும் என்பதற்காக அதை இழுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் மூன்றடிக் கோடு நான்கடியாகத் தோன்றும். படத்துக்குள் ஓர் அளவுகோலை நிறுத்தி எடுப்பது நன்று. நிலப்படத்திலும் இத்தகைய ஆபத்து உண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது மீட்டர் என்று எழுத்தில் மட்டும் குறித்திருந்தால், அச்சில் படம் சிறுக்கும்போது அவ்வெழுத்து பொய்யாகிவிடும். கோடாக வரைந்த அளவுகோலோ படத்தோடு தானும் சிறுத்து, உண்மையே சொல்லும்.

உயரத்தை எதிலிருந்து அளப்பது? சாலையிலிருந்து என்று சொல்லத் தோன்றும். ஆனால் பழைய தார்மேல் புதிய தார் போடுந்தோறும் நம் சாலைகள் உயர்ந்துகொண்டே போகின்றன. பத்தாண்டு கழித்து அளப்பவருக்குக் கணக்குத் தப்பும். ஆதலால் வாயிற்படி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்ற மாறாத ஒன்றிலிருந்து அளந்து, அது எது என்பதையும் எழுதவேண்டும்.

பழைய நிலப்படத்தையும் புதியதையும் ஒப்பிடும்போது, இரண்டையும் ஒரே எல்லையில், ஒரே அளவில் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். தியாகராய நகர் இன்று இருக்குமிடத்தில் முன்பு ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920களில் அதை வடித்து நகர் அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்த்த சாலை என்று பொருள்படும் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. மழைநீர் ஏன் சில தெருக்களில் தேங்குகிறது என்ற ஆராய்ச்சியை இவ்விரண்டு படங்களிலிருந்தே தொடங்கலாம்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். படிவத்தில் ஏதேனும் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், அதை ஊகத்தால் நிரப்பாதீர்கள். 'அளக்கவில்லை' என்றே எழுதுங்கள். வெற்றிடத்தைக் கண்டு வெட்குவதில் தவறில்லை; பொய்யான எண்ணைக் கொண்டு அதை மறைப்பதே தவறு. நாளை ஒருவர் அந்த எண்ணை நம்பி வீட்டுக்குத் தளம் உயர்த்தக்கூடும்.

பயிற்சி வேண்டுவோர் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்துக்குச் செல்லுங்கள். ஓரிடத்தைத் தேர்ந்து, மாதந்தோறும் அங்கேயே நின்று ஒரு படம் எடுங்கள். நீருக்குமேல் தெரியும் படிகளை எண்ணி எழுதுங்கள். குளத்தின் படிகளே உங்களுக்கு அளவுகோல். ஓராண்டில் பன்னிரண்டு தாள்கள் சேரும். மழையும் கோடையும் குளத்துக்குச் செய்வதை அவை தாமே எடுத்துரைக்கும்.

அன்று எடுத்த படங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அவற்றில் எண்பதுக்குமேல் எந்த இடத்தைச் சேர்ந்தவை என்பது இன்றுவரை விளங்கவில்லை. அடுத்த வெள்ளம் வரும்போது உங்கள் கையில் கைபேசி இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஒரு படிவமும் இருக்கட்டும்.