உங்களுக்குத் தெரியுமா? காலை எடுக்காமலே கட்டியை எடுக்கலாம்

தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்தான் மென்திசு சார்கோமா. கை, கால்களில் வந்தால் முன்பெல்லாம் உறுப்பையே வெட்டி எடுப்பார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு, குலுக்கல் முறையில் 16 பேருக்கு உறுப்பை நீக்கியது. 27 பேருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு தந்தது. இரு பிரிவினருக்கும் கீமோதெரபியும் உண்டு. 1982இல் முடிவு வந்தது: 27 பேரில் 4 பேருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பியது, ஆனால் உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெறும் 43 பேர்தான், இருந்தும் சிகிச்சையின் திசையே மாறியது!

கதிர்வீச்சை எப்போது தருவது? அறுவைக்கு முன்பா, பின்பா? கனடாவின் 2002 ஆய்வில், முன்பே பெற்றவர்களுக்கு 50 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) போதுமானதாக இருந்தது. பின்பு என்றால் 66 கிரே. ஆனால் காயம் ஆறுவதில் சிக்கல் முன்னவர்களில் 35 சதவீதம், பின்னவர்களில் 17 சதவீதம்.