தந்தையர் விடுப்பு: சலுகையா, உரிமையா?

பெங்களூரு விதான சௌதாவில் பணிபுரியும் அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தால், ஊதியத்துடன் 15 நாள் விடுப்பு உண்டு. அதே நகரின் எலக்ட்ரானிக் சிட்டியில் பணியாற்றும் மென்பொருள் பொறியாளருக்கோ, பீன்யா தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கோ அத்தகைய சட்ட உரிமை இல்லை. நிறுவனம் மனம் வைத்தால் கிடைக்கும். இல்லையேல் சொந்த விடுப்பைத்தான் கழிக்க வேண்டும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்த விடுப்பு 1997-இல் வழங்கப்பட்டது. மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்திய 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், தந்தைக்கு எதுவும் தரவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் நிலைமை அதுவே.

இதன் சுமை பெண்கள் மீதே விழுகிறது. 2024-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். குழந்தைப் பராமரிப்பு தாயின் கடமை மட்டுமே எனச் சட்டமும் கருதும்போது, பெண்களைப் பணியமர்த்தத் தயங்கும் முதலாளிக்கு அது சாக்காகிறது.

மனைவியின் பேறுகாலத்தைக் காரணம் காட்டி விடுப்புக் கேட்க ஆண்கள் கூச்சப்படுவதும், கேட்டால் கேலிக்கு ஆளாவதும் அலுவலகங்களில் புதிதல்ல. சலுகை என்றால் மேலதிகாரியிடம் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். உரிமை என்றால் விண்ணப்பம் போதும்.

கர்நாடக அரசு ஒரு படி முன்னே சென்றுள்ளது. பெண் ஊழியர்களுக்கு 2021-இல் அறிவிக்கப்பட்ட ஆறு மாதக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, தனித்துக் குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் 2023-இல் நீட்டிக்கப்பட்டது. ஆனால், தனியார் துறை அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது.

தனியார் துறையினருக்கும் இவ்வுரிமை கோரி, மக்களவையில் 2017-இல் காங்கிரஸ் உறுப்பினர் ராஜீவ் சாதவும், 2025 டிசம்பரில் தேசியவாத காங்கிரஸ் (சரத் பவார்) உறுப்பினர் சுப்ரியா சுலேயும் தனிநபர் மசோதாக்களைக் கொண்டுவந்தனர். சாதவ் மசோதா சட்டமாகவில்லை. நாடாளுமன்ற வரலாற்றில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன. 1970-க்குப் பின் ஒன்றுகூட இல்லை. எனவே, அரசே மசோதா கொண்டுவந்தாலன்றி, எலக்ட்ரானிக் சிட்டித் தந்தையின் விடுப்பு மேலதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கும்.